தானே தீப்பற்றும் வெப்பநிலை: சோதனையின் வரலாறு

தீச்சுடரோ மின்பொறியோ இல்லாத நிலையில், ஒரு பொருள் காற்றில் தானாகவே தீப்பற்றிக்கொள்ளும் மிகக் குறைந்த வெப்பநிலை அதன் தானே தீப்பற்றும் வெப்பநிலை எனப்படுகிறது. அடுப்பில் மறந்து விடப்பட்ட வாணலியின் எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடேறித் திடீரென எரியத் தொடங்குவது இதற்கு எளிய எடுத்துக்காட்டு. வேதித் தொழிற்சாலைகளில் நீராவிக் குழாய், மின்மோட்டார், பம்பு போன்றவற்றின் சூடான பரப்பு ஒரு திரவத்தின் ஆவியைப் பற்றவைக்குமா என்பதை மதிப்பிட இந்த எண் பயன்படுகிறது.

இதையும் பிளாஷ் பாயிண்டையும் ஒன்றாகக் கருதக்கூடாது. வெளியிலிருந்து ஒரு சுடரைக் காட்டினால் திரவத்தின் ஆவி நொடிப்பொழுது பற்றிக்கொள்ளும் மிகக் குறைந்த வெப்பநிலையே பிளாஷ் பாயிண்ட் ஆகும். பெட்ரோலின் பிளாஷ் பாயிண்ட் சுழியத்துக்குக் கீழே சுமார் 40 பாகை செல்சியசு. டீசலுக்கு அது 50 பாகைக்கும் மேல். ஆனால் தானே தீப்பற்றும் வெப்பநிலையில் இந்த வரிசை மாறுகிறது. பெட்ரோலுக்கு 250 முதல் 280 பாகை வரையிலும், டீசலுக்குச் சுமார் 210 பாகையும் குறிப்பிடப்படுகின்றன. சுடருக்கு எளிதில் இரையாகும் திரவம் சூடான பரப்புக்கும் எளிதில் இரையாகும் என்று கொள்ள முடியாது. இதனால்தான் தனியாக ஒரு சோதனை தேவைப்பட்டது.

சுரங்கங்களில் தொடக்கம்

இங்கிலாந்தின் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் 1812-ஆம் ஆண்டு மே மாதம் நிகழ்ந்த வெடிப்பில் 92 பேர் இறந்தனர். இத்தகைய விபத்துகளைத் தடுக்கும் வழியை ஆராய்ந்த அம்ஃப்ரி டேவி, 1815-இல் தமது பாதுகாப்பு விளக்கை அறிவித்தார். சிவக்கக் காய்ச்சிய இரும்பு சுரங்கத்தின் மீத்தேன் கலவையைப் பற்றவைக்கவில்லை, சுடர் பற்றவைத்தது என்பதை அவர் தமது ஆய்வில் குறிப்பிட்டார்.

இதற்கான விளக்கம் பிரான்சிலிருந்து வந்தது. 1880-களில் மல்லார், லெ சாட்டலியே ஆகிய இருவரும் வளிமக் கலவைகளின் தீப்பற்றும் வெப்பநிலையை அளந்தனர். போதிய வெப்பம் இருந்தாலும் மீத்தேன் கலவை உடனே பற்றுவதில்லை, சில நொடிகள் தாமதித்தே பற்றுகிறது என அவர்கள் கண்டனர். சூடான இரும்பைத் தொட்ட கலவை அந்தத் தாமத நேரம் முடிவதற்குள் மேலெழுந்து நகர்ந்துவிடுகிறது. வெப்பநிலையைப் போலவே நேரமும் தீப்பற்றலைத் தீர்மானிக்கிறது என்பது இதனால் தெளிவானது.

1909-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த டிக்சன், கோவர்டு ஆகியோர் வளிமத்தையும் காற்றையும் தனித்தனியே சூடாக்கிப் பின்னர் ஒன்றுசேரவிட்டு அளந்தனர். கலனின் சுவர் விளைவை மாற்றிவிடக்கூடாது என்பதே இம்முறையின் நோக்கம்.

எஞ்சின் எரிபொருளிலிருந்து பாதுகாப்புக்கு

திரவங்களுக்கான சோதனைக்கு முதலில் உந்துதல் அளித்தது டீசல் எஞ்சின் ஆகும். ருடால்ஃப் டீசல் 1890-களில் உருவாக்கிய எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்டுச் சூடேறிய காற்றில் தெளிக்கப்படும் எரிபொருள் தானே பற்ற வேண்டும். எனவே எந்த எண்ணெய் எளிதில் பற்றும் என்று அறிவது பொறியாளர்களுக்குத் தேவையாயிற்று. 1917-இல் அரோல்டு மூர் சூடாக்கப்பட்ட சிறு கிண்ணத்தில் எரிபொருளைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அது பற்றும் வெப்பநிலையைக் குறித்தார்.

எஞ்சினில் விரும்பப்பட்ட இதே நிகழ்வு தொழிற்சாலையில் ஆபத்தாகும். சோதனை முறை சீரானால்தான் ஒரு கூடத்தின் முடிவை மற்றொரு கூடத்தின் முடிவோடு ஒப்பிட முடியும். அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் அமைப்பு 1930-இல் டி286 என்னும் முறையை வெளியிட்டது. இதில் 125 மில்லிலிட்டர் கூம்புக் குடுவை சூடாக்கப்பட்டு, அதனுள் திரவம் சொட்டாக விடப்பட்டது.

குடுவை மாறினால் எண்ணும் மாறும்

கொதிநிலையைப் போல இதுவும் பொருளின் மாறாத பண்பு என்ற எண்ணம் நீண்டகாலம் நிலவியது. இந்த எண்ணத்தைக் கோட்பாட்டு அடிப்படையில் அசைத்தவர் உருசிய வேதியியலாளர் நிக்கொலாய் செமியோனவ். 1928-இல் அவர் வெளியிட்ட வெப்ப வெடிப்புக் கோட்பாட்டின்படி, வினையால் உண்டாகும் வெப்பம் சுவர் வழியே வெளியேறும் வெப்பத்தை விஞ்சும்போது கலவை தீப்பற்றுகிறது. வெப்பம் உண்டாவது கலனின் கொள்ளளவு முழுவதிலும். வெளியேறுவது அதன் பரப்பு வழியாக. கலன் பெரிதாகும்போது கொள்ளளவு விரைவாகவும் பரப்பு அதைவிட மெதுவாகவும் கூடுகின்றன. ஆகவே பெரிய கலனில் வெப்பம் எளிதில் தேங்கி, குறைந்த வெப்பநிலையிலேயே தீப்பற்றுகிறது. வேதிவினைகளின் இயங்குமுறை குறித்த ஆய்வுகளுக்காகச் செமியோனவ் 1956-இல் இன்செல்வுட்டுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1954-இல் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணயப் பணியகத்தின் செட்ச்கின் இதை எண்களால் காட்டினார். 8 மில்லிலிட்டர் முதல் 12 லிட்டர் வரை கொள்ளளவுள்ள கலன்களில் அவர் சோதனை செய்தார். மிகச் சிறிய கலனில் 498 பாகையில் பற்றிய மெத்தனால், 12 லிட்டர் கலனில் 386 பாகையிலேயே பற்றியது. டைஎத்தில் ஈதருக்கு இந்த மதிப்பு 212-இலிருந்து 160 பாகையாகக் குறைந்தது. திரவமும் காற்றும் மாறவில்லை. மாறியது கலன் மட்டுமே.

இதன் பொருள் கவலைக்குரியது. சிறு குடுவையில் கிடைத்த எண்ணை நம்பி ஒரு குழாயை அந்த எண்ணுக்குச் சற்றுக் கீழே சூடாக்கினால், ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் தொட்டிக்கு அருகில் பணிபுரிவோருக்கு அந்த எண் பொய்யான நம்பிக்கையைத் தந்துவிடும். பின்னர் வந்த முறைகள் குடுவையைப் பெரிதாக்கியதற்கு இதுவே காரணம். டி286 முறையின் இடத்தில் 1966-இல் 200 மில்லிலிட்டர் குடுவை கொண்ட டி2155 வந்தது. 1978-இல் வெளியான இ659 முறை 500 மில்லிலிட்டர் உருண்டைக் குடுவையை ஏற்றது. ஐரோப்பிய, பன்னாட்டு முறைகள் 200 மில்லிலிட்டர் கூம்புக் குடுவையைத் தொடர்ந்து பயன்படுத்துகின்றன.

குளிர்ச் சுடர்

சோதனை முறையை வடிவமைத்த மற்றொரு கண்டுபிடிப்பு குளிர்ச் சுடர் ஆகும். ஈதர் போன்ற சில ஆவிகள் முழுமையாக எரியாமல், சில நூறு பாகை வெப்பநிலையில் வெளிறிய நீல ஒளியுடன் வினைபுரியும். டேவி 1817-இல் இதைக் கண்டார். செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்த வில்லியம் என்றி பெர்கின் 1882-இல் இதை விரிவாக விவரித்தார். பகலொளியில் இது கண்ணுக்குப் புலப்படாது. அதே வேளையில், உகந்த சூழல் அமைந்தால் இது முழுத் தீயாக மாறக்கூடும். எனவே இருட்டறையில் சோதிக்கும் வழக்கம் ஏற்பட்டது.

இன்றைய சோதனை

இ659 முறையில் அலுமினியத் தாள் சுற்றிய கண்ணாடிக் குடுவை மின் உலையினுள் வைக்கப்படுகிறது. அதன் வெப்பநிலையைத் தெர்மோகப்பிள்கள் அளக்கின்றன. வெப்பநிலை நிலைபெற்றதும் 0.1 மில்லிலிட்டர் திரவம் ஊசிக்குழலால் உட்செலுத்தப்படுகிறது. குடுவையின் வாய்க்கு மேலே சாய்வாக வைத்த கண்ணாடியில் உட்புறம் கவனிக்கப்படுகிறது. 10 நிமிடங்களுக்குள் சுடர் தோன்றினால், தோன்றும்வரை ஆன நேரம் குறிக்கப்படும். பின்னர் பழைய ஆவி வெளியேற்றப்பட்டு, குறைந்த வெப்பநிலையில் சோதனை மீண்டும் நடைபெறும். சுடர் தோன்றாவிட்டால் வெப்பநிலை உயர்த்தப்படும். எல்லை நெருங்கியதும் திரவத்தின் அளவைக் கூட்டியும் குறைத்தும் பார்க்கின்றனர். இவை அனைத்திலும் கிடைத்த மிகக் குறைந்த மதிப்பே முடிவாகும். குளிர்ச் சுடர் தோன்றிய வெப்பநிலை தனியே பதியப்படுகிறது.

வெப்பநிலை வகுப்புகள்

சோதனையின் முடிவு மின்கருவிகளைத் தேர்ந்தெடுக்க உதவுகிறது. வெடிக்கும் ஆவி உள்ள இடங்களுக்கான கருவிகள், அவற்றின் பரப்பு எட்டக்கூடிய உச்ச வெப்பநிலையைக் கொண்டு ஆறு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. வகுப்புகளின் எல்லைகள் முறையே 450, 300, 200, 135, 100, 85 பாகை செல்சியசு ஆகும். சுமார் 225 பாகையில் பற்றும் எக்சேனுக்கு மூன்றாம் வகுப்புக் கருவி போதுமானது. ஈதருக்கு நான்காம் வகுப்பு தேவை. ஏறத்தாழ 90 பாகையில் பற்றக்கூடிய கார்பன் டைசல்பைடுக்கு ஆறாம் வகுப்பு மட்டுமே பொருந்தும். நீராவி செல்லும் சாதாரணக் குழாயே இந்தத் திரவத்தின் ஆவியைப் பற்றவைக்கப் போதுமானது.

எண்ணைப் படிக்கும் முறை

ஒரே பொருளுக்கு நூல்களில் வெவ்வேறு மதிப்புகள் காணப்படுவது மாணவர்களைக் குழப்பக்கூடும். பென்சீனுக்கு 498 என்றும் 560 என்றும், அசிட்டோனுக்கு 465 என்றும் 540-க்கு அருகிலும் மதிப்புகள் அச்சாகியுள்ளன. பெரும்பாலும் கலன், முறை, தூய்மை ஆகியவற்றின் வேறுபாடுகளே இதற்குக் காரணம். பாதுகாப்பு மதிப்பீட்டில் நம்பகமானவற்றுள் குறைந்த மதிப்பை எடுத்துக்கொண்டு, அதற்கும் கீழே போதிய இடைவெளி விடுவதே முறையாகும்.

சோதனை சாதாரணக் காற்றில், வளிமண்டல அழுத்தத்தில் செய்யப்படுகிறது. அழுத்தம் கூடினாலும் ஆக்சிசன் மிகுந்தாலும் தீப்பற்றும் வெப்பநிலை குறையும். குழாயைச் சுற்றியுள்ள வெப்பக்காப்பு உறையில் கசிந்து ஊறிய எண்ணெய், குடுவையில் கிடைத்த மதிப்பைவிட மிகக் குறைந்த வெப்பநிலையிலேயே பற்றுவதுண்டு. ஆகவே பாதுகாப்புத் தரவுத் தாளில் இந்த எண்ணைக் காண்பவர், அது எந்த முறையில், எவ்வளவு பெரிய குடுவையில் பெறப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.