அகஸ்தியர்கூடம் போறீங்களா? பையில் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது?

கேரள வனத்துறையின் ஆன்லைன் முன்பதிவில் அகஸ்தியர்கூடம் டிக்கெட் கிடைத்துவிட்டதா? அடுத்து எல்லாரும் செய்வது ஷாப்பிங். கொஞ்சம் பொறுங்க. முதலில் சமையலறைத் தராசை எடுங்க.

1,868 மீட்டர் உயரமுள்ள இந்தச் சிகரத்துக்கு வழக்கமாக மூன்று நாள் நடை. போணக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் வரை சுமார் 14 கிலோமீட்டர். மறுநாள் சிகரம் ஏறி இறங்கணும், மூன்றாம் நாள் திரும்பணும். முகாமில் தங்க இடமும் காசுக்குச் சாப்பாடும் உண்டு. அதனால் டென்ட், ஸ்டவ் இரண்டுமே தேவையில்லை. மலையேற்றப் பையில் அதிக எடை பிடிக்கும் பொருட்களில் பாதி இங்கேயே கழிந்துவிடுகிறது.

மீதி எடை எங்கே ஒளிந்திருக்கு?

தண்ணீர், சாப்பாடு நீங்கலாக உள்ள எடையை 'பேஸ் வெயிட்' என்பார்கள். அது 4.5 கிலோவுக்குள் இருந்தால் 'அல்ட்ராலைட்'. இப்போ ஒரு சாதாரணப் பையைப் பாருங்க (எல்லாம் தோராயம்): பை 1.5 கிலோ, ஸ்லீப்பிங் பேக் 1.5, ஜீன்ஸ் 700 கிராம், டர்க்கி டவல் 400, 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 400. இந்த ஐந்திலேயே 4.5 கிலோ முடிந்துவிட்டது!

மாற்றினால்? 1 கிலோ பை, 600 கிராம் போர்வை, சீக்கிரம் காயும் பேன்ட் 300, 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 200, குமரி மாவட்டத்தில் துவர்த்து என்று சொல்லும் மெல்லிய துண்டு 100. மொத்தம் 2.2 கிலோதான்.

செலவு?

ஒரு கிராம் குறைய எத்தனை ரூபாய் என்று கணக்குப் போடுங்க. இறகு அடைத்த ஸ்லீப்பிங் பேக்குக்கு 8,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து 600 கிராம் குறைத்தால், கிராமுக்கு 13 ரூபாய். 100 ரூபாய்த் துவர்த்து 300 கிராம் குறைத்தால், கிராமுக்கு 33 பைசா. ஜீன்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டு ஏற்கனவே இருக்கும் டிராக் பேன்ட்டைப் போட்டால் செலவே இல்லை. விளம்பரங்கள் 13 ரூபாய்ப் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிக்கும். நீங்க இந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிங்க. 1955-இல் 67 வயதில் அமெரிக்காவின் 3,300 கிலோமீட்டர் அப்பலாச்சியன் பாதையைத் தனியாக நடந்து முடித்த எம்மா கேட்வுட் எடுத்துப் போனது, கையால் தைத்த ஒரு துணிப்பை, போர்வை, குளியலறைத் திரை. காலில் சாதாரண கேன்வாஸ் ஷூ.

அந்த ஷூ விஷயம் முக்கியம். காலில் ஏறும் ஒரு கிலோ, முதுகில் ஏறும் ஐந்து கிலோவுக்கு நிகரான சக்தியை உறிஞ்சும் என்பது பொதுவான கணக்கு. கனத்த லெதர் பூட்ஸைவிட டிரெயில் ரன்னிங் ஷூ நல்லது. ஆனால் எடைக்காக அடிப்பகுதியின் பிடிப்பை விட்டுடாதீங்க. சிகரத்துக்குக் கீழே கயிறு பிடித்து ஏற வேண்டிய பாறைகள் இருக்கு.

தண்ணீர் எவ்வளவு?

ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. வழியில் கரமனையாறு, அட்டையாறு என ஓடைகள் வருவதால் மூன்று லிட்டர் சுமக்க வேண்டாம். ஒரு லிட்டர் பாட்டிலும் சுத்திகரிப்பு மாத்திரையும் போதும். அட்டையாற்றில் மறக்காம நிரப்புங்க, அதற்கு மேல் வெயிலில் ஏற்றம். (பெயரிலேயே அட்டை இருக்கு, ஒரு பொட்டலம் உப்பும் வைங்க.)

எதைத் தொடக் கூடாது?

மழைக்கோட்டு, தலையில் மாட்டும் டார்ச், மாற்று பேட்டரி, உங்க மருந்துகள், ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸ். சிகரம் ஏறும் நாளில் பெரிய பையை முகாமில் வைத்துவிட்டுப் போகலாம். மழைக்கோட்டும் டார்ச்சும் அப்பவும் உங்ககூட வரணும்.

வெள்ளறடை, பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தவக்காலத்தில் யாத்திரிகர்கள் ஏறும் தெக்கன் குரிசுமலை வெள்ளறடையில்தான் இருக்கு. டிக்கெட் தேதிக்கு இரண்டு வாரம் முன்பு, நிரப்பிய பையோடு ஒருமுறை ஏறிப் பாருங்க. தோள் வலித்தால் இடுப்பு பெல்ட்டை இறுக்குங்க. அப்பவும் வலித்தால், இறங்கி வந்து பையை மறுபடி தராசில் வைங்க.