நாற்பதுக்குப் பின் மனிதவளத் துறை: சில விளக்கங்கள்

வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள், தனியார் பள்ளி ஆசிரியர்கள், மதரஸாவில் பல்லாண்டு ஓதிக்கொடுத்த ஆலிம்கள் என நாற்பதைக் கடந்த சகோதரர்கள் பலர், ஹெச்.ஆர். எனப்படும் மனிதவளத் துறைக்கு மாற முடியுமா என்று நம்மிடம் கேட்கின்றனர். முடியும். ஆனால் மனிதர்களோடு பழகத் தெரியும் என்பதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. இது முதலில் தொழிலாளர் சட்டமும் பதிவேடும் சார்ந்த வேலை.

ஒரு காலத்தில் ஆலைக்கு ஆள் சேர்ப்பதும் நீக்குவதும் மேஸ்திரிகள் கையில் இருந்தன. வேலை கிடைக்க அவர்களுக்குக் கையூட்டு தர வேண்டும். விட்லி தலைமையிலான தொழிலாளர் ராயல் கமிஷன் 1931இல் அளித்த அறிக்கையில், இதற்கு மாற்றாகத் தொழிலாளர் அலுவலர்களை நியமிக்கச் சொன்னது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 500 தொழிலாளர்கள் உள்ள ஆலைக்கு நல அலுவலரைக் கட்டாயமாக்கியது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சட்டத் தொகுப்பில் இந்த எண்ணிக்கை 250ஆகக் குறைந்துள்ளது. தேவை கூடும் என்பது நம் கணிப்பு.

இந்த அலுவலர் யாருக்காக? கொல்லிமலையின் ஆலத்தூர் நாட்டிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சமவெளி ஆலைக்கு வரும் ஓர் இளைஞரை நினைத்துப் பாருங்கள். அவரது சாதிச் சான்றிதழில் 'மலையாளி' என்றிருக்கும். அது கொல்லிமலைப் பழங்குடியின் பெயர். கேரளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இது தெரியாதவர் படிவத்தைத் தவறாக நிரப்பிவிடுவார். நியமனக் கடிதம் அவரது உரிமை. 10 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு. சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும். வேலையை விட்டால் 2 வேலை நாட்களில் கணக்கு முடிக்க வேண்டும். இதையெல்லாம் அவருக்குப் புரியும்படி பொறுமையாகச் சொல்ல, வகுப்பறையில் நின்று பழகிய நாற்பது வயதுக்காரரே பொருத்தமானவர். நிர்வாகம் கணக்கை இழுத்தடிக்கச் சொன்னால் சட்டத்தை எடுத்துக்காட்டும் துணிவும் வேண்டும். அது அமானிதம்.

சூரா அல்கஸஸில் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தும்படி தம் தந்தையிடம் கூறும் பெண், வலிமையையும் நம்பகத்தன்மையையும் தகுதிகளாகச் சொல்கிறார். தந்தையோ எட்டு ஆண்டு என்று தவணையைப் பேசி, பத்தாக்குவதை மூஸா (அலை) அவர்களின் விருப்பத்துக்கு விடுகிறார். ஆள் தேர்வும் ஒப்பந்தமும் நமக்குப் புதியவை அல்ல.

படிப்புக்கு வருவோம். சென்னை அம்பத்தூரில் உள்ள தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் அரசு நிறுவனம். தொழிலாளர் நிர்வாகத்தில் மாலை நேர முதுநிலைப் பட்டயமும், தொழிலாளர் சட்டத்தில் வார இறுதிப் பட்டயமும் அங்கு உண்டு. ஏதேனும் ஒரு பட்டம் போதும். வேலையில் இருந்தபடியே படிக்கலாம். மதரஸா ஸனது மட்டும் வைத்திருப்பவர்கள் முதலில் பல்கலைக்கழகப் பட்டம் முடிக்க வேண்டும். தனியார் நிலையங்களின் குறுகிய காலச் சான்றிதழ்களுக்குப் பெருந்தொகை கட்டும் முன், அது நல அலுவலர் பதவிக்கு ஏற்கப்படுமா என்று கேளுங்கள்.

முதல் வேலை பெரும்பாலும் டைம் ஆபீஸில்தான்: வருகைப் பதிவு, சம்பளப் பட்டியல், பி.எஃப். கணக்கு. உங்களைவிட இளையவர் மேலதிகாரியாக இருப்பார். சம்பளமும் முந்தைய வேலையைவிடக் குறையலாம். இரண்டு ஆண்டுகளுக்கு வீட்டுச் செலவு தாங்குமா என்பதை மனைவியோடு மஷ்வரா செய்துவிட்டு விண்ணப்பியுங்கள்.