பனியன் கம்பெனிக்கு எத்தனை நாள் லீவு?

காலண்டரில் சிவப்பு மையில் இருக்கும் தேதி எல்லாம் எல்லோருக்கும் லீவு என்று நினைப்பது பள்ளிக்கூடப் பழக்கம். திருப்பூரில் அது செல்லாது. வங்கியும் தாலுகா ஆபீசும் பூட்டியிருக்கும் நாளிலும் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓடும். பல நாட்களில் அது சட்ட மீறலும் அல்ல. ஏன் என்று பார்ப்போம்.

பி.காம். படிப்பவர்களுக்கு மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881 தெரிந்திருக்கும். 'பொது விடுமுறை' என்பதற்கு அதன் 25-ஆவது பிரிவில்தான் விளக்கம் இருக்கிறது. மாற்றுச்சீட்டு விடுமுறை நாளில் முதிர்ந்தால் அதற்கு முந்தைய வேலை நாளிலேயே பணம் கொடுத்துவிட வேண்டும். ஆக, இது பணம் கைமாறுவதற்கான விடுமுறை. மெஷினில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

தொழிலாளியின் லீவுக்கு வேறு வரலாறு உண்டு. பம்பாய் மில் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே பல வருடம் போராடிய பிறகு, 1890 ஜூன் 10-இல் ஞாயிறு வார விடுமுறை ஆனது. 1923 மே 1-ஆம் தேதி சென்னையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். அன்றைக்கு மே தினத்துக்குச் சட்டத்தில் இடமே கிடையாது.

தமிழ்நாட்டில் திருப்புமுனை 1958-இல் வந்தது. அந்த ஆண்டின் தொழில் நிறுவனங்கள் (தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள்) சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும், ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்துடன் விடுமுறை. மொத்தம் ஒன்பது. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும்; இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பள லீவு தர வேண்டும்.

இந்தச் சட்டத்தின் உயிரே 'சம்பளத்துடன்' என்ற ஒரு சொல்தான். திருப்பூரில் சிக்கல் வருவதும் அங்கேதான். இங்கே நிறையப் பேருக்குப் பீஸ் ரேட். எத்தனை பீஸ் தைத்தார்களோ அதற்கேற்ப சனிக்கிழமை கூலி. காண்டிராக்டர் மூலம் வருபவர்களும் உண்டு. மெஷின் நின்றால் பீஸ் இல்லை, பீஸ் இல்லாவிட்டால் காசும் இல்லை. மாதச் சம்பளக்காரருக்கு ஓய்வாக இருக்கும் ஆகஸ்ட் 15, பீஸ் ரேட் டெய்லருக்கு ஒரு நாள் கூலி நஷ்டம் ஆகிவிடுகிறது. ஷிப்மென்ட் நெருக்கடியில் லீவு நாளிலும் வேலைக்குக் கூப்பிட்டால் அவரே சந்தோஷமாகப் போவார். இரட்டைச் சம்பளம் கேட்க வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தோன்றும்?

தீபாவளிக்கு மட்டும் ஊரே காலியாகிறது. மதுரை, தேனிக்காரர்கள் போனஸ் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். சட்டம் தரும் ஒரு நாள் போதாமல் கூடுதல் நாட்கள் விட்டு, அதை ஞாயிற்றுக்கிழமை வேலையால் ஈடுகட்டும் கம்பெனிகளும் உண்டு. பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்களுக்குச் சாத் பூஜை, ரத யாத்திரை என்று பண்டிகைகளே வேறு. அந்த ஐந்து நாள் பட்டியலில் அவற்றுக்கு இடம் கிடைப்பது கடினம்.

வழி இல்லாமல் இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1996-இல் சேர்த்த 135பி பிரிவு, வாக்குப்பதிவு நாளில் தினக்கூலிக்காரருக்கும் சம்பளத்துடன் லீவு தரவேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஒரு நாளுக்கு இப்படித் தெளிவாக எழுத முடிந்ததை ஒன்பது நாளுக்கும் நடைமுறையில் கொண்டுவர முடியாதா? கூலி கிடைக்காத நாளை லீவு என்று சொல்வதில் அர்த்தமில்லை. அது வேலை இல்லாத நாள், அவ்வளவுதான்.