இரவிலும் ஓயாத தறி

திருச்செங்கோட்டிலிருந்து பள்ளிபாளையம், குமாரபாளையம் நோக்கி இரவில் பயணம் செய்வோர் விசைத்தறியின் ஓசையை நன்கு அறிவர். பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் எனப் பன்னிரண்டு மணி நேர 'ஷிப்டு' முறை இங்குள்ள பட்டறைகள் பலவற்றில் வேரூன்றிவிட்டது. அந்த ஓசைக்குள் ஒரு பொருளியல் வரலாறு அடங்கியுள்ளது.

அதற்கான திறவுகோலைக் கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட 'மூலதனம்' முதல் பாகத்தில் காண்கிறோம். தொழிலாளி தம் கூலிக்கு ஈடான மதிப்பை நாளின் ஒரு பகுதியிலேயே படைத்துவிடுகிறார். எஞ்சிய நேரத்து உழைப்பே முதலாளியின் உபரி மதிப்பு என்றார் அவர். 12 மணி நேர வேலையில் 6 மணி கூலிக்கானது எனக் கொள்வோம். வேலை நேரத்தை 14 மணியாக நீட்டினால் உபரி நேரம் 8 மணியாகும். இது அறுதி உபரி மதிப்பு. நேரத்தை நீட்டாமலே, இயந்திரத்தின் ஆற்றலால் வாழ்க்கைப் பண்டங்கள் மலிந்து, கூலிக்கான நேரம் 4 மணியாகச் சுருங்கினாலும் அதே 8 மணி கிடைக்கும். இது ஒப்பீட்டு உபரி மதிப்பு.

இங்கிலாந்தின் 1847ஆம் ஆண்டுப் பத்து மணி நேரச் சட்டம் முதல் வழிக்கு அணையிட்டது. ஆலைகள் இயந்திர வேகத்தைக் கூட்டி இரண்டாம் வழியில் திரும்பின. நம் பகுதியிலோ இரு வழிகளும் ஒரே கூரையின்கீழ்ச் சேர்ந்தன. குடும்பமே கூடி நெய்த குழித்தறி போய் விசைத்தறி வந்தது. ஒருவரே பல தறிகளைக் கவனிக்கலானார். ஆயினும் வேலை நேரம் குறையவில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என வரம்பிட்டது. சிறு பட்டறைகளாகச் சிதறிய தொழிலை அவ்வரம்பு எட்டுவது அரிதாயிற்று. மீட்டர் கணக்கில் கூலியும், வாங்கிய முன்பணமும் தொழிலாளியைத் தறியருகே கட்டிப்போட்டன. பட்டறை உரிமையாளருள் பலரும் நூல் தரும் வணிகருக்குக் கூலிக்கு நெய்பவரே என்பதையும் நாம் மறத்தலாகாது.

திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல், தனியுடைமையை ஒழிக்கும் கொள்கையை மறுத்தது. ஆனால் மனித வலிமைக்கு மீறி வேலை வாங்குவதையும் கண்டித்தது. ஓய்வு சலுகையன்று, உரிமை என்பதில் நமக்கு ஐயமில்லை.

1923 மே 1 அன்று சென்னையில் சிங்காரவேலர் மே நாளைக் கொண்டாடினார். ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு இடமளிக்கும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது; எதிர்ப்பு வலுக்கவே, மே 1 அன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். நாடே அதிர்ந்த அந்தப் பன்னிரண்டு மணி நேரம், எந்த மசோதாவும் இன்றியே நம் தறிக்கூடங்களில் பழகிப்போயிருந்தது. இரவில் அந்த ஓசை கேட்கும்போது, அது யாருடைய உறக்கத்தின் விலை என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?