வாயிலும் முகவரியும்

ஒருவன் யாரென அறிவது வேறு. அவன் எங்கிருந்து வருகிறான் என அறிவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதன் விளைவைக் கணினி வலையமைப்பின் வரலாற்றிலே தெளிவாகக் காணலாம்.

1983ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி, அமெரிக்காவின் ஆர்ப்பாநெற் வலையமைப்பு இன்றைய இணையத்தின் விதிமுறைகளுக்கு மாறியது. ஒவ்வொரு கணினிக்கும் 32 இரும இலக்கங்களாலான முகவரி வழங்கப்பட்டது. அஞ்சலுறையைப் போலவே செய்திப்பொதி ஒவ்வொன்றும் பெறுநர் முகவரியோடு அனுப்புநர் முகவரியையுந் தாங்கிச் சென்றது. அம்முகவரி மெய்யானதா என்று வழியில் ஆராயும் ஏற்பாடு அவ்விதிகளில் இருக்கவில்லை.

அக்காலத்தில் வலையில் இணைந்திருந்தோர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தாரும் ஆராய்ச்சியாளருமே. ஆதலின் ஒருவரையொருவர் நம்பினர். கலிபோர்னியாவின் பேர்க்லியில் உருவான யுனிக்ஸ் முறைமையிலே, நம்பத்தக்க கணினிகளின் பட்டியலொன்றை எழுதிவைத்தாற் போதும். அவற்றிலிருந்து வருவோர் கடவுச்சொல் கூறாமலே உள்நுழையலாம்.

இந்நம்பிக்கையின் நொய்மையை 1985ஆம் ஆண்டிலேயே ரொபேட் மொறிஸ் என்னும் இளைஞர் ஓர் ஆராய்ச்சிக் குறிப்பில் விளக்கினார். செய்திப்பொதிகளின் வரிசை எண்ணை ஊகிக்கவல்லவன் பிறனொருவனின் முகவரியைத் தனதாகக் காட்டிப் புகலாம் என்றார். 1988 நவெம்பர் 2ஆந் திகதி, அதே மொறிஸ் கோர்னெல் பல்கலைக்கழக மாணவராயிருந்தபோது ஏவிய கணினிப் புழு, கணினிகளுக்கிடையே நிலவிய நம்பிக்கையையும் ஒரு வழியாகக் கொண்டு, ஆயிரக்கணக்கானவற்றை முடக்கியது. அவர் எச்சரித்த முகவரி மோசடியோ, 1994ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று பாதுகாப்பு வல்லுநர் சிமோமுராவின் கணினிகள்மீதே நிகழ்த்தப்பட்டது. வரிசை எண்களை ஊகிக்கவியலாதவாறு அமைக்கும் முறையை 1996இல் ஸ்டீவன் பெலோவின் வகுத்தளித்தார்.

இதற்கிடையே, 1990இல் ஒல்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலே, கணினிகளிற் புகுந்து கோப்புகளை அழித்துவந்த ஒருவனைக் கண்காணிக்க விற்சே வெனெமா ஒரு சிறு நிரலை எழுதினார். அது வருவோரின் முகவரியைக் குறித்துக்கொண்டது; அனுமதியற்ற முகவரியினரைத் தடுக்கவும் உதவியது. அனுமதி பெற்றவரும் கடவுச்சொல்லைக் கூறியே உட்செல்ல வேண்டும். இதுவே குறிப்பிடத்தக்க மாற்றம்: முன்னர் திறவுகோலாயிருந்த முகவரி, இங்கே திறவுகோலுக்கு மேலதிகமானதொரு வேலியாயிற்று.

பின்னர் கணக்கேடுகளும் வாடிக்கையாளர் பதிவுகளும் இணையவழி வணிக மென்பொருள்களுக்கு மாறியபோது, இவ்வேலி பெரிதும் பயன்பட்டது. நிர்வாகி தம் அலுவலகத்தின் முகவரி வரம்பைக் குறித்துவிட்டால், எழுதுவினைஞரின் கடவுச்சொல்லைத் திருடியவன் வெளியிலிருந்து அதனைப் பயன்படுத்த இயலாது.

ஆயினும் வேலிக்கும் குறைகளுண்டு. 32 இரும இலக்கங்கள் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளையே தரும். அவை போதாமையால் ஒரே முகவரியைப் பலர் பகிர்கின்றனர். வீட்டு இணைப்புகளின் முகவரியோ அடிக்கடி மாறுகிறது. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் ஊழியர் வீட்டிலிருந்து பணியாற்ற நேர்ந்தபோது, முகவரி வேலி சொந்த ஊழியரையே வெளியில் நிறுத்தக்கூடியதாயிற்று. அலுவலகத்துக்குள்ளேயே புகுந்துவிட்ட பகைவனையோ அது ஐயுறுவதில்லை. அவ்வாண்டில் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, வலையில் ஒருவர் இருக்கும் இடம் மட்டும் அவரை நம்புவதற்குப் போதிய காரணமாகாது என வகுத்துரைத்தது.

எனவே, முகவரியைச் சாட்சிகளுள் ஒன்றாகக் கொள்வது தகும். அதனிடமே தீர்ப்பை ஒப்படைப்பது தகாது. வேலியை நம்பி விளக்கை அணைத்துவிடலாகாது என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம்.