ஏழு வருஷக் கணக்கு

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ பிறந்து வளர்ந்தவனுக்குக் கடல் என்பது பூகோளப் புத்தகத்தில் நீல வர்ணம் பூசிய இடம், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் பாலாறு என்று ஒன்று உண்டு. அதிலும் வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான் ஓடும். ஆனாலும் கடல் எங்கள் ஊருக்குத் தினந்தோறும் வந்துகொண்டுதான் இருக்கிறது. உரித்த தோல் அழுகாமல் இருக்க அதன்மேல் அள்ளித் தேய்க்கும் உப்பு, கடலோர உப்பளத்தில் விளைந்தது. வாரச் சந்தையில் குவித்து வைத்திருக்கும் கருவாட்டின் மேலும் அதே உப்புத்தான். தோலுக்கும் மீனுக்கும் உப்பு ஒன்றாக இருக்கலாம். ஆனால் தோலில் பிழைப்பவன் சாவும் மீனில் பிழைப்பவன் சாவும் ஒன்றல்ல. அந்த வேற்றுமையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

2015-ஆம் வருஷம் ஜனவரி 31-ஆம் தேதி, ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில், தோல் கழிவைத் தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் இரவோடிரவாக இடிந்து விழுந்தது. சேறு பக்கத்துத் தோல் ஷாப்புக்குள் பாய்ந்து, அங்கே உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளிகளின் உயிரைக் குடித்துவிட்டது. அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கொடுமையிலும் கொடுமை! ஆயினும் பத்து உடல்கள் கிடைத்தன. பத்துப் பேர் என்று எண்ண முடிந்தது. எங்கோ ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்த தாய்க்கு, "உன் மகன் இறந்துவிட்டான்" என்று யாரோ ஒருவரால் நிச்சயமாகச் சொல்ல முடிந்தது.

அந்த நிச்சயம்கூடக் கிடைக்காதவர்கள் நம் நாட்டிலேயே உண்டு. அவர்களைப் பார்க்க வேண்டுமானால் தமிழகத்தின் தென்கோடிக்குப் போக வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில், தேங்காய்ப்பட்டணத்துக் கழிமுகத்திலிருந்து கேரள எல்லை வரை, கடலை ஒட்டி வரிசையாக எட்டு ஊர்கள் இருக்கின்றன. இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி. 1956-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி வரையில் இப்பகுதி மலையாளச் சீமையோடு இருந்தது. 1544-இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தத் திருவிதாங்கூர்க் கரையோரமாக நடந்துபோய், கடல் தொழில் செய்த ஆயிரக்கணக்கான ஜனங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். இன்றும் அங்கே ஊருக்கு ஊர் கோவில் கோபுரம் கடலைப் பார்த்து நிற்கிறது.

அந்தக் கோபுரத்துக்கு வேறொரு பயனும் இருந்தது. கட்டுமரத்தில் போனவர்கள் மலைச்சிகரத்தையும் கோபுரத்தையும் ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்துத் தாங்கள் நிற்கும் இடத்தைக் கண்டுகொள்வார்கள். கரை கண்ணுக்குத் தெரியும்வரை பயமில்லை. இரவில் போனால் காலையில் திரும்பிவிடலாம்.

காலம் மாறியது. 1953-இல் கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் நார்வே தேசத்தாரின் உதவியோடு இயந்திரப் படகுத் தொழில் தொடங்கிற்று. நாளடைவில் படகுகள் பெருகின. கரையோர மீன் அருகியது. தூத்தூர்ப் பக்கத்தவர்கள் மற்றவர்கள் போகாத தூரத்துக்குப் போனார்கள். சுறா பிடிப்பதில் அவர்களுக்கு நிகர் அவர்களே என்று பெயர் வாங்கினார்கள். கொச்சியில் டீசலும் ஐஸ் கட்டியும் அரிசியும் ஏற்றிக்கொண்டு, ஒரு படகுக்குப் பத்துப் பன்னிரண்டு பேராகப் புறப்பட்டால், திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். செலவு போக மிஞ்சியதைப் பங்கு பிரித்துக்கொள்வார்கள். படகில் இருப்பவர்கள் பெரும்பாலும் அண்ணன், தம்பி, மைத்துனன், மாமன் என்று உறவுக்காரர்கள். நல்ல பாடு கிடைத்தால் ஒரு குடும்பமே நிமிரும். படகு போனாலோ ஒரு குடும்பமே போய்விடும்.

2017-ஆம் வருஷம் நவம்பர் 29-ஆம் தேதி இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உண்டாயிற்று. மறுநாள் காலையில் அது புயலாகிக் கன்னியாகுமரிக்குத் தெற்கே வந்து நின்றது. வங்காள தேசத்தார் அதற்குக் கொடுத்திருந்த பெயர் ஒக்கி. அவர்கள் மொழியில் அதற்குக் கண் என்று பொருளாம். கரையில் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. வீடுகள் இருளில் மூழ்கின. கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரிக்கை வந்தது வாஸ்தவம். ஆனால் வாரக்கணக்கில் முன்பே கடலுக்குப் போய்விட்டவனுக்கு அதை யார் சொல்வது? கரையிலிருந்து சில காத தூரம் போனால் கைப்பேசி ஊமையாகிவிடும். படகில் இருந்த கம்பியில்லாக் கருவியின் குரல் பக்கத்துப் படகு வரையில்தான் எட்டும். புயலோ அவர்கள் இருந்த திசையிலேயே, லட்சத்தீவை நோக்கிப் போயிற்று.

2004-ஆம் வருஷத்துச் சுனாமியை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று ஆழ்கடலில் இருந்தவர்கள் படகின் அடியில் அலை கடந்து போனதைக்கூட அறியவில்லை. திரும்பி வந்து பார்த்தபோதுதான் கரையில் விட்டுச் சென்றவர்கள் மாண்டுபோயிருந்தார்கள். ஒக்கியில் அது தலைகீழாயிற்று. கரையில் இருந்தவர்கள் காத்திருந்தார்கள்.

68 படகுகளில் 952 பேர் மகாராஷ்டிரக் கரையில் ஒதுங்கிப் பிழைத்தார்கள் என்று செய்தி வந்தது. வந்த பெயர்களில் தன் வீட்டுப் பெயர் இல்லாதவர்கள் மேலும் காத்திருந்தார்கள். காத்திருந்து அலுத்து, டிசம்பர் 7-ஆம் தேதி ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் நடந்துபோய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அவர்கள் முதலில் கேட்டது பணமல்ல. "தேடுங்கள்" என்றுதான் கேட்டார்கள்.

எத்தனை பேர் என்பதிலேயே குழப்பம். சர்க்கார் ஒரு தொகை சொல்லிற்று; பங்குக் கோவில்கள் வேறு தொகை சொல்லின. தோல் ஷாப்பிலே ஆஜர்ப் புத்தகம் உண்டு. கடலுக்குப் போகிறவனுக்கு அது ஏது? ஊர் ஊராக, வீடு வீடாகப் பெயர் எழுதித்தான் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. முடிவில் தமிழகம், கேரளம் இரண்டிலுமாக இருநூறு பேருக்கு மேல் திரும்பவில்லை என்று தெரிந்தது. கரை ஒதுங்கிய உடல்களில் பலவற்றை முகம் பார்த்து அடையாளம் காண வழியில்லை. ரத்த உறவினரின் மரபணுவோடு ஒப்பிட்டுத்தான் உரியவர்களிடம் கொடுத்தார்கள். உடலே கிடைக்காதவர்களுக்கு?

இங்கேதான் ஏழு வருஷக் கணக்கு குறுக்கே வருகிறது. ஒருவனைப் பற்றிக் கேள்விப்பட வேண்டியவர்கள் ஏழு வருஷமாக ஒன்றுமே கேள்விப்படாவிட்டால், அவன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் அப்படிச் சொல்லிற்று. 2024-இல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டமும் அந்த ஏழைக் கைவிடவில்லை. இந்த எண்ணுக்குப் பழைய வம்சாவளி உண்டு. இங்கிலாந்தில் 1666-இல் நிலக் குத்தகை பற்றி இயற்றிய ஒரு சட்டத்திலேயே, கடல் கடந்து போய் ஏழு வருஷம் திரும்பாதவனை இறந்தவனாகக் கொள்ளலாம் என்று இருக்கிறது. பாய்மரக் கப்பலில் போனவனுடைய கடிதம் வந்து சேர மாதங்கள் ஆன காலம் அது. போனவன் திரும்பி வந்தால் அவன் சொத்து அவனுக்கு இருக்க வேண்டுமே என்ற நல்லெண்ணத்தில் பிறந்த விதி.

ஆனால் மீனவன் வைத்துவிட்டுப் போனது சொத்தல்ல, கடன். அதற்கு வட்டி ஏழு வருஷம் நிற்குமா? இறப்புச் சான்று இல்லாத மனைவி விதவையும் அல்லள். சுமங்கலி என்று சொல்லிக்கொள்ளவும் அவளுக்கு நா எழாது. அடக்கம் செய்ய உடல் இல்லை. ஆத்ம சாந்திக்குப் பூசை வைத்தால், அவன் இறந்தான் என்று தானே ஒப்புக்கொண்டது போலாகும். வைக்காவிட்டாலும் மனம் கேட்காது.

சுனாமியின்போது செய்தது போலவே, ஒக்கியிலும் ஏழு வருஷம் காத்திருக்க வேண்டாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். விசாரித்துச் சான்று கொடுத்தார்கள். குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் நிவாரணமும் கிடைத்தது. செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள். பின்னர் நடுக்கடலிலும் வானிலைச் செய்தி வாங்கும் கருவிகள் வந்தன. முதலில் வந்தவற்றில் கரை பேசும், படகு கேட்கும். படகு பேச முடியாது. பிற்பாடு இருவழியும் பேசும் கருவிகளைப் பொருத்தத் தொடங்கினார்கள்.

2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆம் தேதியோடு ஏழு வருஷம் பூர்த்தியாகிவிட்டது. இனிச் சட்டத்துக்கே சந்தேகம் இல்லை. எனக்கு மட்டும் ஒன்று தோன்றுகிறது. சுத்தியும் விசைப்படகும் ஐஸ் கட்டியும் கணக்கில் ஏறுகின்றன. பிடித்த மீனைக் கிலோக் கணக்கில் எழுதுகிறார்கள். இன்ன நாளில், இன்ன படகில், இன்னார் போனார் என்று கரையிலே ஒரு புத்தகத்தில் எழுதி வைக்க எத்தனை காகிதம் வேண்டும்? அந்தப் புத்தகம் புயலைத் தடுக்காது. ஆனால் ஒருவன் போனான் என்பதற்கு அவன் மனைவி சாட்சி தேடி அலைய வேண்டியிராது.