திருவரங்கம் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் வாழ்க்கைச் சுழற்சிப் பாடமும்

பூச்சிகள் சேற்றிலிருந்து தாமாகத் தோன்றுகின்றன என்ற நம்பிக்கை ஐரோப்பாவில் பரவலாக இருந்த காலத்தில், செருமானிய ஓவியர் மரியா சிபில்லா மெரியன் 1679-இல் ஒரு நூல் வெளியிட்டார். புழு கூட்டுப்புழுவாகிச் சிறகு பெறுவதை, அது தின்னும் செடியோடு சேர்த்தே வரைந்து காட்டினார்.

அதே பாடத்தைச் சிறுவர்கள் நேரில் கற்கும் இடம் திருச்சிராப்பள்ளி வெப்பமண்டல வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. திருவரங்கத் தீவில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, மேலூர் அருகே மேலணைக் காப்புக்காட்டில் தமிழ்நாடு வனத்துறை இதை அமைத்தது. 2015 நவம்பர் 13 அன்று திறக்கப்பட்ட இப்பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 25 ஏக்கர்.

இங்குத் தேன் தரும் பூச்செடிகளோடு, புழுக்களுக்கு உணவாகும் செடிகளும் வளர்க்கப்படுகின்றன. வண்ணத்துப்பூச்சிக்குப் பூ மட்டும் போதாது; முட்டையிட உரிய இலை வேண்டும். வெந்தய வரியன் எருக்கில் முட்டையிடும். கறிவேப்பிலை அழகி கறிவேப்பிலை, எலுமிச்சைச் செடிகளில் முட்டையிடும். முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி ஆகிய நான்கு நிலைகளும் ஒரே உயிரின் பருவங்கள் என்று அறிந்த சிறுவர், வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் காணும் புழுவை நசுக்கத் தயங்குவர். எருக்கைக் களையென்று முழுதும் அழித்த ஊரில் வெந்தய வரியன் பெருகும் வாய்ப்புக் குறையும்.